முழங்கால் தண்ணீருக்கு ஒரு படகு

நல்ல படகொன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் பென்சிலால் கோடு கீறி, வாளை ஓடவிடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அன்ரன் அந்தத் துணிச்சலோடு மண்டியிட்டிருந்த நேரத்தில் அவனுடைய முதலாளி புரூனிங் கோப்பி குடிக்கப் போயிருந்தார். காலை ஒன்பது மணிக்குக் கோப்பி குடிப்பது அவருடைய வழக்கந்தான். ஆனால் அன்றைக்கு ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கவே எழும்பிப் போனவர், ஒன்பதரை தாண்டியும் திரும்பவில்லை. வெட்டு சரியாக வந்தால் வந்து தட்டிக்கொடுப்பார். பிழைத்துப் போனால், தான் அந்த இடத்திலேயே இருக்கவில்லை என்பார். பதினொரு வருடம் கூடவே வேலை செய்தவனுக்கு இது விளங்காமல் இருக்குமா? விளங்கியும் அன்ரன் வாளை ஓடவிட்டான். பைபர்த் தூசி பறந்து கண்ணிமையில் ஒட்டியது.

2006ஆம் ஆண்டுக் கோடை அது. உலகக்கிண்ண உதைபந்தாட்டத் திருவிழா முடிந்து மூன்று கிழமையாகியும் வேலைத்தளத்துக் கூரையில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி கழற்றப்படாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில், பிரேமன் நகருக்கு வடக்கே, சதுப்பு நிலங்களுக்கு நடுவில் கிடக்கும் ஏரி ஒன்றின் கரையில் புரூனிங்கின் படகு வேலைத்தளம் இருந்தது. ஏரி கண்ணுக்கெட்டாத அகலம். ஆழம் என்று பார்த்தால் வெட்கக்கேடு. நடு ஏரியில் இறங்கி நின்றாலும் இடுப்பு நனையாத இடங்கள் உண்டு. மேற்குக் கரையில் நாணல் மண்டிய பகுதியை லூடர்ஸ் என்ற மிருக வைத்தியர் வாத்து வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார். மோட்டர் பூட்டிய படகிலிருந்து சுடுவதற்கு இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடாது. நாணலுக்குள் போய் இறங்குவதற்கும், சுட்டு விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்குந்தான் படகு. முன்பெல்லாம் கம்பு ஊன்றித்தான் போவார். இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை செய்த பிறகு கம்பு ஊன்ற முடியவில்லை. ஆகவே நான்கு மீற்றர் நீளப் படகொன்றை, பதினைந்து குதிரைவலு மோட்டரோடு கொண்டுவந்து இறக்கி, முழங்கால் தண்ணீரில் இது ஓடவேண்டும், செப்டெம்பர் முதலாம் திகதி வேட்டை தொடங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரூனிங் கையைப் பிசைந்தார். பாய்மரப் படகுகளுக்கு மினுக்குப் பூசுவதும், பணக்காரருடைய தேக்குப் பலகைகளுக்கு எண்ணெய் தேய்ப்பதுந்தான் அவருக்குத் தெரிந்த உலகம். "முழங்கால் தண்ணீரில் மோட்டரா? அது படகில்லை, உழவு இயந்திரம்," என்றார். அன்ரன் ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் படம் கீறிக் காட்டினான். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலில், ஆழங்குறைந்த பரவைக்கடலில், பதினேழு வயதிலிருந்து மோட்டர் ஓட்டியவன் அவன். அங்கே இந்தச் சிக்கலுக்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள், சிலது வேலை செய்யும், சிலது ஆளைக் கவிழ்க்கும். புரூனிங் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்ன சொல்தான் இந்தக் கதைக்கெல்லாம் மூலம்.

"இதை நீ தனியாகச் செய், அன்ரன். நான் கை வைக்கமாட்டேன். செய்து முடி, உன் கடிதத்தை எழுதித் தருகிறேன்."

கடிதம் என்றால் என்ன கடிதம் என்று சொல்லவேண்டும். புரூனிங்குக்கு வயது அறுபத்திமூன்று. வரும் வசந்த காலத்தில் வேலைத்தளத்தைப் பெரிய கொம்பனி ஒன்றுக்கு விற்றுவிடப் போகிறார். வாங்குகிறவர்கள் தொழிற்சான்று உள்ளவனை மட்டுந்தான் வைத்துக்கொள்வார்கள். அன்ரனிடம் சான்று இல்லை. 1988இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு தோள்பை மட்டுந்தான். அகதி விண்ணப்பம், முகாம், உணவகத்தில் கோப்பை கழுவல் என்று ஏழு வருடம் போய், 1995இல் இந்த வேலைத்தளத்துக்குள் கூட்டித் துடைக்க வந்தவன். இரண்டு வருடத்துக்குள் கையில் விளக்குமாறு இல்லை. உளியும் அரமும் பைபர்த் தூரிகையும் இருந்தன. ஆனால் புரூனிங்கின் பத்திரங்களில் மட்டும் விளக்குமாறு அப்படியே இருந்தது. படிக்காமலே தொழில் பழகியவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் உண்மையாகவே படகு கட்டும் வேலை செய்ததாக முதலாளி எழுதிக் கொடுத்தால், நேராகப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று ஒரு விதி இருந்தது. இதைக் கண்டுபிடித்தவள் அன்ரனின் மனைவி சந்திரா. விண்ணப்பம் ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள் போய்ச் சேரவேண்டும். அதோடு இணைக்க வேண்டிய ஒரேயொரு தாள்தான் அந்தக் கடிதம்.

ஆகவே அன்ரன் வேலை செய்தான். மோட்டரை உயர்த்தினால்தான் அதன் கால் சேற்றில் தட்டாது. உயர்த்தினால் விசிறிக்குத் தண்ணீர் எட்டாது, காற்றைத்தான் கடையும். அதற்காகத்தான் படகின் அடியில், பின்பக்கமாக, வாய்க்கால் போல ஒரு குழிவு வெட்டுவது. படகு ஓட, தண்ணீர் அந்த வாய்க்காலால் ஏறி விசிறிக்கு வந்து சேரும். சரிவு கூடினால் பின்பக்கம் தாழ்ந்து படகு சேற்றில் குந்திவிடும். குறைந்தால் தண்ணீர் ஏறாது. அன்ரன் மூன்று தரம் அச்சுச் செய்து மூன்று தரமும் உடைத்தான். நாலாவதை வைத்துப் பைபர் போட்டான். மோட்டர் தன் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் மேலே இருந்ததை அடைத்து, கீழே புதிதாகத் துளையிட்டு, பாசி புகாமல் பித்தளை வலை வைத்தான். பின்பலகைக்கும் மோட்டருக்கும் நடுவில் தடித்த அலுமினியத் தட்டொன்றைப் பொருத்தி அதில் மூன்று வரிசை துளை போட்டான். மேல் வரிசையில் நான்கு போல்ட்டையும் பூட்டினால் முழங்கால் தண்ணீர். கீழ் வரிசையில் பூட்டினால் ஆழத் தண்ணீர். பெற்றோல் தாங்கியையும் பற்றறியையும் முன்னுக்குக் கொண்டுபோனான். கடைசியில் படகு முழுவதற்கும் காய்ந்த நாணலின் நிறத்தில், மினுக்கமில்லாத வர்ணம் அடித்தான். மினுக்குப் பூசிப் பழகிய புரூனிங் அந்த நிறத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு ஆட்களின் பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, அன்ரன் தனியாக ஓடிப் பார்த்தான். படகு முதலில் கொஞ்சம் முனகியது, பிறகு மூக்கைத் தாழ்த்தி எழும்பியது. நாணல் ஓரத்தில், கொக்கு நடந்து திரியும் தண்ணீரில், அது ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது. கரையில் நின்ற புரூனிங் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அன்றைக்கு அன்ரனுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. அதுதான் பிறகு நினைக்க நினைக்க வயிறெரிந்தது.

ஓகஸ்ட் நடுவில் வைத்தியர் லூடர்ஸ் வேலையைப் பார்க்க வந்தார். கைத்தடியை ஊன்றிக் குனிந்து, வாய்க்காலின் சரிவைக் கையால் தடவிப் பார்த்தார். பசுவின் வயிற்றைத் தடவிப் பழகிய கை, அவசரப்படாது. பிறகு நிமிர்ந்து, "இது யாருடைய மூளை?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் அன்ரன் ஒரு காரியம் செய்தான். வேறு எந்த நாட்டானும் செய்யமாட்டான். கையை விரித்து முதலாளியைக் காட்டி, முதலாளிக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல்லால், "செஃப்," என்றான்.

அவன் வளர்ந்த இடத்தில் அதுதான் முறை. அந்நியன் ஒருவன் கரைக்கு வந்து இது யார் பிடித்த மீன் என்று கேட்டால், வலை இழுத்துக் கை கிழிந்தவன் "சம்மாட்டியாற்றை" என்பான். உடனே, வள்ளமும் வலையும் சொந்தமான அந்தச் சம்மாட்டியார் அவனுடைய தோளில் கையைப் போட்டு, "நான் என்னத்தை... எல்லாம் இவன்ரை கை" என்று சொல்லவேண்டும். இவன் பாதி, அவர் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் மரியாதை முழுதாகும். அன்ரன் தன் பாதியைக் கொடுத்துவிட்டு மற்றப் பாதி வருமென்று நின்றான். புரூனிங் தொண்டையைச் செருமினார். "நாற்பது வருட அனுபவம், டாக்டர்," என்றார். அவ்வளவுதான். வைத்தியர் தலையை ஆட்டி, புரூனிங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்ரன் கையில் இருந்த கந்தைத் துணியை மடித்து, விரித்து, மறுபடி மடித்தான்.

கடிதம் ஓகஸ்ட் இருபத்தைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை வந்தது. புரூனிங் அதை உறையில் போட்டு, முத்திரை குத்தி, முதுகில் ஒரு தட்டும் தட்டிக் கொடுத்துவிட்டார். அன்ரனுக்கு ஜெர்மன் பேச வரும், வாசிக்கத் தடக்கும். உறையை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் சந்திராவுக்கு முன்னால் வைத்தான். சந்திரா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். முப்பத்தெட்டு வயதில், தன் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தவள். அவளுடைய சான்றிதழ் வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஜெர்மன்காரர் எழுதும் கடிதத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஒருமுறை வாசித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுமுறை வாசித்தாள்.

"என்னவாம்?" என்றான் அன்ரன்.

"துப்புரவு வேலை. வர்ணம் பூசுற வேலை. அதோட, வாத்து வேட்டைப் படகு ஒண்டைத் திருத்தேக்கை உதவியா நிண்டவராம்."

"ஆர்?"

"நீங்கள்தான். உதவியா நிண்டனீங்களாம்." அவளுடைய குரல் தாழ்ந்துகொண்டே போனது. கோபம் வந்தால் சந்திராவின் குரல் உயராது, தாழும். "பிறகு, நேரம் தவறாதவராம். சிரிச்ச முகமாம். இது மனுசனுக்குக் குடுக்கிற கடிதமே? மணிக்கூட்டுக்குக் குடுக்கிற கடிதம்."

அன்ரன் கதிரையில் இருந்தபடியே இருந்தான். அடுப்பில் சோறு கொதித்து மூடி தட்டியது. இரண்டு பேரும் எழும்பவில்லை. அப்போதுதான் அவன் வைத்தியர் வந்த நாளைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடிய முன்னமே சந்திரா மேசையில் கையை ஊன்றி எழும்பிவிட்டாள்.

"செஃப் எண்டு சொன்னனீங்களோ? உங்கடை வாயாலை?"

"மரியாதைக்குச் சொன்னனான், சந்திரா. ஆள் திருப்பிச் சொல்லுவார் எண்டு..."

"இஞ்சை ஆர் திருப்பிச் சொல்லுறது? பதினெட்டு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறியள். இவைக்கு நாங்கள் ஒண்டைத் தூக்கிக் குடுத்தால் வாங்கிக்கொண்டு போயிடுவினம். களவு எண்டும் நினையாயினம். தந்தது எண்டுதான் நினைப்பினம்." கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். பிறகு, "வியாழக்கிழமை கடைசி நாள். அந்தாளிட்டைக் கேளுங்கோ. ஏலாது எண்டால் ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லட்டும்," என்றாள்.

திங்கட்கிழமை அன்ரன் கேட்டான். மூன்று நாள் இரவு முழுவதும் மனதுக்குள் ஜெர்மன் வசனங்களை அடுக்கி வைத்திருந்தான். புரூனிங்கின் முகத்தைக் கண்டதும் அவை குலைந்துபோயின. ஆனாலும் கேட்டுவிட்டான். நான் தனியாகச் செய்தேன், நீங்கள் உதவி என்று எழுதியிருக்கிறீர்கள், இது எப்படி?

புரூனிங் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "டாக்டர் கேட்டபோது நீயே என்னைக் காட்டினாய். நான் காதால் கேட்டேன், அவரும் கேட்டார். நாளைக்கு அந்தப் பரீட்சைக்காரர் அவரிடம் விசாரித்தால் என்ன ஆகும்? நான் பொய் எழுத முடியாது, அன்ரன்."

"அது மரியாதை," என்றான் அன்ரன். "எங்கள் மரியாதை."

"மரியாதைக்காகப் பொய் சொன்னாயா?" புரூனிங்கின் புருவம் உண்மையான வியப்பில் உயர்ந்தது. "அப்படியென்றால் இப்போது சொல்வது உண்மை என்று நான் எப்படி நம்புவது?"

பொய்யாம்! வாய்க்காலை வெட்டும்போது கோப்பிக் கோப்பைக்குள் ஒளிந்திருந்த மனிதர், நாற்பது வருட அனுபவம் என்று கூசாமல் சொன்ன மனிதர், பொய்யைப் பற்றி இவனுக்கு வகுப்பு எடுக்கிறார். அன்ரனுக்குக் காது மடல் வரை சூடேறியது. தமிழில் என்றால் நாறடித்திருப்பான். குருநகர்த் தமிழில் அதற்கென்றே சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு முள். ஜெர்மனில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் கேட்கும் ஜெர்மனும் வேலைத்தளத்து ஜெர்மனுந்தான்; இரண்டிலும் கோபப்பட வழியில்லை. "எனக்கு அந்தக் கடிதம் வேண்டும்," என்று மட்டும் சொன்னான். "படகைக் கொடுத்து முடிப்போம். பிறகு பார்ப்போம்," என்றார் புரூனிங். அந்தப் பிறகு எந்தப் பிறகு என்று சொல்லவில்லை.

படகைக் கொடுக்கும் நாள் புதன்கிழமை, ஓகஸ்ட் முப்பது. முதல் நாள் அன்ரனுக்குப் பிரேமனில் சாமான் எடுக்கும் வேலை. புதன் பகல், புரூனிங் தானே படகை இழுவை வண்டியில் ஏற்றி மேற்குக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தார். அன்ரன் சின்ன வானில் கயிறும் கருவிகளுமாகப் போய்ச் சேரும்போது படகு தண்ணீரில் நின்றது. வைத்தியர் நடுப் பலகையில், பின்பக்கம் பார்த்தபடி இருந்தார். இடுப்புவரை றப்பர் சப்பாத்து, பச்சை அங்கி, மடியில் கைத்தடி. புரூனிங் மோட்டர் கைபிடியைப் பிடித்தபடி பின்னால் இருந்தார்.

பூட்டியவன் ஏறாமல் ஒரு மோட்டரை முதல் ஓட்டம் விடுவது அன்ரனுக்குத் தெரிந்த எந்தக் கரையிலும் நடக்காத காரியம். அவன் ஒரு காலைத் தூக்கினான். "வேண்டாம், பாரம் கூடும்," என்றார் புரூனிங். "நீ கயிற்றை அவிழ்." அவன் அவிழ்த்தான். படகு விலகிப் போகும்போதுதான் பார்த்தான். மோட்டரின் தலை அவன் வைத்த உயரத்தில் இல்லை. பின்பலகைக்கு மேல் ஒரு சாண் தெரிய வேண்டியது நான்கு விரல்தான் தெரிந்தது.

அவன் கையை உயர்த்திக் கத்தினான். மோட்டர்ச் சத்தத்தில் அது கேட்கவில்லை. கேட்டாலும் புரூனிங் திரும்பியிருக்கமாட்டார். வைத்தியருக்கு எதையோ கையால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். படகு அறுபது, எழுபது மீற்றர் போயிருக்கும். பின்னால் எழும்பிய வெள்ளை நுரை முதலில் மண்ணிறமானது, பிறகு கறுப்பானது. காலில் கல் கட்டிய வாத்தாகப் படகு ஒரு குலுங்கலோடு நின்றது. மோட்டர் வீரிட்டது, அதன்மேல் சூடேறிவிட்டதற்கான மணி கீச்சென்று கத்தத் தொடங்கியது. நாணலுக்குள் இருந்த வாத்துகளெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் போயின. வேட்டைக்காரனுக்கு இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

"அன்ரன்!" என்று புரூனிங் அலறினார். "என்ன செய்து வைத்திருக்கிறாய்?"

அன்ரன் சப்பாத்தைக் கழற்றவில்லை. காற்சட்டையை மடிக்கவுமில்லை. அப்படியே இறங்கி நடந்தான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, அங்கேயே நின்றது. அடிச் சேறு ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. அவன் நடந்து வர வர, புரூனிங் வைத்தியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. தண்ணீருக்கு மேல் சத்தம் நன்றாக வரும்.

"உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டாக்டர். இது முழுக்க இவனுடைய வேலை. வாய்க்கால், தட்டு, மோட்டர், எல்லாம். தனியாகச் செய்தான். நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. இவனை நம்பி விட்டதுதான் என் பிழை."

அன்ரன் படகின் பின்பக்கத்துக்கு வந்து குனிந்து பார்த்தான். போல்ட் நான்கும் கீழ் வரிசையில் இருந்தன. அலுமினியத்தில் புதுக் கீறல்கள். அளவு பொருந்தாத ஸ்பனரால் யாரோ வழுக்கி வழுக்கி முறுக்கியிருந்தார்கள். மோட்டர் கொம்பனிப் புத்தகத்தில் போட்ட உயரம் இதுதான். புரூனிங் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். அல்லது தன்னுடையதென்று ஊருக்குச் சொன்ன வேலையில் தன் கையும் கொஞ்சம் படட்டுமே என்று நினைத்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை ஓட்டத்தைக் கண்ணால் பார்த்து விசிலடித்த வாய்!

ஒரு வசனம் போதும். இதை இறக்கியது யார் என்று கேட்டால் போதும், வைத்தியர் தட்டைப் பார்ப்பார், கீறலைப் பார்ப்பார். அன்ரனுக்கு அந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? முதலாளியும் கை வைத்தார் என்றாகும். இரண்டு பேர் செய்த வேலை என்றாகும். இரண்டு பேர் செய்தால் ஒருவர் முதலாளி, மற்றவன் உதவி. நாளைக்கு வியாழக்கிழமை. சொல்லாவிட்டால், சேற்றில் புதைந்து நிற்கும் இந்தப் படகு முழுக்க முழுக்க அவனுடையது. பதினொரு வருடத்தில் ஓடின படகு ஒன்றையாவது அவனுடையதென்று சொல்லாத வாய், ஓடாமல் நிற்கும் ஒன்றைத் தூக்கி அவன் தலையில் வைக்கிறது. வைக்கட்டும். அன்ரன் நிமிர்ந்தான்.

"ஆம்," என்றான் வைத்தியரைப் பார்த்து. "முழுக்க என் வேலை. வாய்க்கால், தட்டு, மோட்டர், எல்லாம். செஃப் சொல்வது சரி."

புரூனிங்குக்கு ஒரு கணம் முகத்தில் நிம்மதி வந்தது.

"அதை எழுதித் தாருங்கள், செஃப்," என்றான் அன்ரன். "இப்போது சொன்னதை. அப்படியே. தனியாகச் செய்தான் என்று."

"இங்கேயா? பைத்தியமா உனக்கு? முதலில் இதை ஓட வை."

"முதலில் எழுதுங்கள்."

அவன் குரலை உயர்த்தவில்லை. அவனுக்கே அது சந்திராவின் குரலாகக் கேட்டது. காற்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பதினேழாம் இலக்க ஸ்பனரை எடுத்து, முதல் போல்ட்டின் தலையில் வைத்து, முறுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, அவசரமில்லாமல், விரல் நுனியால் அலுமினியத்தில் இருந்த புதுக் கீறல் ஒன்றைத் தடவினான். வைத்தியருக்குக் காட்டவில்லை, புரூனிங்குக்குக் காட்டினான். புரூனிங்கின் கழுத்தில் சிவப்பு ஏறியது. அது கன்னம் வரை ஏறிப் பரவியது.

வைத்தியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசாத பிராணிகளோடு முப்பது வருடம் வேலை செய்தவர். எது எங்கே நோகிறது என்று சொல்லாமலே அறிந்துகொள்ளும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். "எழுதினால் என்ன, புரூனிங்?" என்றார். "நீங்கள் இப்போதுதானே எனக்குச் சொன்னீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றுதானே தொடங்கினீர்கள்." அங்கிக்குள் கையை விட்டுத் துழாவி, மருந்து எழுதிக் கொடுக்கும் சிட்டைப் புத்தகத்தையும் பேனையையும் எடுத்து நீட்டினார்.

எழுதாவிட்டால் பழி தன்னுடையது, எழுதினால் வேலை அவனுடையது. புரூனிங் பேனையை வாங்கினார். பிறகு முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினார். எழுதி முடிக்க நெடுநேரம் ஆனது. "எந்த வருடத்திலிருந்து என்றும் போடுங்கள்," என்றான் அன்ரன். "தொண்ணூற்றேழிலிருந்து படகு கட்டும் வேலை. கையெழுத்து. திகதி." அவர் போட்டார். ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது. இவ்வளவு காலமும் கேளாமல் நின்றதை நினைக்க அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்தக் கையால் மற்றவனைக் காட்டியிருக்கிறேனே, இந்தக் கையால். வைத்தியர் கீழே தன் பெயரையும் எழுதி, படகு தன்னுடையதென்றும் சொன்னதைத் தான் கேட்டதாகவும் ஒரு வரி சேர்த்தார்.

அன்ரன் அதற்குள் தோளை மோட்டருக்கு அடியில் கொடுத்திருந்தான். மூன்று போல்ட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தான்; நாலாவது கழன்றதும் ஐம்பது கிலோ முழுதும் அவன் கழுத்தடியில் வந்து இறங்கியது. கால் இன்னும் ஒரு சாண் சேற்றுக்குள் போனது. மூச்சைப் பிடித்து எழும்பினான். மோட்டர் தட்டில் கரகரத்துக்கொண்டு மேலே வந்தது. "செஃப், உள்பக்கம் நட்டைப் பிடியுங்கள்," என்றான். புரூனிங் குனிந்து பிடித்தார். "இன்னும் இறுக்கி." அவர் இறுக்கிப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று போல்ட் மேல் வரிசைக்குள் ஏறின.

அப்போதுதான் வைத்தியர் சிட்டையைக் கிழித்து அவனிடம் நீட்டினார். தலைப்பில் ஒரு நாயும் ஒரு பசுவும் அச்சடித்திருந்தது. அதன் கீழே, மிருகத்தின் பெயர் என்று போட்டிருந்த கோட்டுக்கு மேலேயே புரூனிங் எழுதத் தொடங்கியிருந்தார். இப்படி ஒரு தாளை, விண்ணப்பத்தைப் பார்க்கும் பரீட்சைச் சபைக்காரர் கையால் தொடுவார்களா, நாளைக்கு மேசைக்கு அப்பால் இருக்கும் எவனாவது இதைப் பார்த்துச் சிரிப்பானா என்று அன்ரனுக்குத் தெரியவில்லை. அவனுடைய வலது கையில் நாலாவது போல்ட், இடது கை மோட்டரின் அடியில், இரண்டிலும் கிறீஸும் சேறும். மோட்டருக்கு அடியில் குனிந்ததில் சட்டை நெஞ்சுப் பைவரை நனைந்திருந்தது. அவன் வாயைத் திறந்தான்.

வைத்தியருக்கு விளங்கிவிட்டது. எழும்ப முடியாத இடுப்போடு முன்னுக்குச் சரிந்து, தாளை இரண்டாய் மடித்து, அவனுடைய பற்களுக்கிடையில் வைத்தார். எச்சில் படாமல் உதட்டை விரித்துப் பல்லால் மட்டும் அதைக் கவ்விக்கொண்டு, அன்ரன் நாலாவது போல்ட்டைத் துளைக்குள் தள்ளி முறுக்கத் தொடங்கினான். ஏரிக்கு மேலால் வந்த காற்று தாளின் நுனியைத் தூக்கி அவன் கன்னத்தில் அடித்தது. அவன் இன்னும் ஒரு சுற்று முறுக்கினான்.